மிதிபடாத பனி

பனியில் கோடு கிழிப்பது லொரேன் ஸ்டானிஃபோர்த்தின் பொறுப்பு. ட்ரைபாடின் ஒரு காலைத் தரையில் இழுத்துக்கொண்டு, பள்ளத்தின் மேல்விளிம்பை ஒட்டி ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை அவள் நடந்து முடித்ததும், அந்தக் கோட்டுக்கு முன்னால் இருப்பது யாருக்கும் சொந்தமில்லை என்றாகிவிடும். பின்னால் நிற்கலாம், நடக்கலாம், தேநீர் குடிக்கலாம், அரசாங்கத்தைத் திட்டலாம். முன்னால் ஒரு கால் படக்கூடாது. புதுப்பனியில் ஒரு தடம் விழுந்துவிட்டால், அடுத்த பனி பெய்யும்வரை அந்தப் பள்ளத்தைப் படமெடுத்துப் பயனில்லை. ஷெஃபீல்டுக்கு மேற்கே உள்ள மேட்டுநிலங்களில் குளிர்காலம் முழுவதும் அலையும் புகைப்படக் குழுக்கள் எல்லாவற்றுக்கும் இந்த விதி உண்டு. லொரேனின் குழுவில் அது சற்றுக் கடுமையாக இருந்தது.

போன சனிக்கிழமை அந்த விதியை மீறியவன் அவளுடைய கணவன் கீத்.

கதிரவன் மேகத்தை விட்டு வெளிவரும் தறுவாயில், எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றபோது, ஃபிளாஸ்க் மூடியில் தேநீரை ஏந்திக்கொண்டு அவன் பள்ளத்தின் குறுக்கே நடந்து வந்தான். ஆட்டுப்பட்டிப் பக்கத்திலிருந்து அவள் நின்ற இடத்துக்கு அதுதான் நேர்வழி. அவளுடைய விரல்கள் நீலம் பூத்திருந்ததை அவன் தூரத்திலிருந்தே பார்த்திருக்கிறான். தேநீர் ஆறிவிடக் கூடாது என்பதைத் தவிர வேறு நினைப்பில்லை. அவனுடைய பெரிய ரப்பர் பூட்ஸின் தடங்கள் ஒற்றைப் பர்ச் மரத்துக்கு முன்னால் வரிசையாகப் பதிந்தன. அப்போதுதான் ஒளி வந்தது.

லொரேன் தேநீரை வாங்கவில்லை. "நீ வராமலே இருந்திருக்கலாம், கீத்," என்றாள். குரலை உயர்த்தவில்லை என்றாலும் எல்லார் காதிலும் விழும்படி சொன்னாள். அவன் சிரித்துவிட்டு அந்தத் தேநீரைத் தானே குடித்தான். வீட்டுக்குப் போகும் வழியில் சிரிப்பு நின்றுவிட்டது. அதற்குப் பிறகு ஒரு வாரம் அவர்கள் பேசிக்கொண்டதெல்லாம் குப்பைத்தொட்டியையும் பூனையையும் பற்றித்தான்.

இந்த வாரமும் அவன் வந்தான். அவளுடைய பழைய கேமராவைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, நகரத்துக் கழிவுநீர்க் கால்வாய்களில் இறங்கும்போது போடும், தொடைவரை ஏறும் அதே ரப்பர் பூட்ஸுடன், நால்வரும் வந்த காரிலிருந்து கடைசியாக இறங்கினான். அதைக் கண்டு ட்ரெவர் பாக்‌ஷா தொப்பியைக் கழற்றினார். பாக்‌ஷா குழுவின் மூத்த உறுப்பினர்; போட்டிகளுக்கு நடுவராகப் போகிறவர்; பிறர் படங்களைப் பாராட்டியதாக வரலாறு இல்லை.

"வாப்பா வா. உன் போன வாரத்துப் படத்துக்குத் தலைப்பு வெச்சுட்டேன். 'யானை போன பாதை.'"

"நல்லாருக்கே," என்றான் கீத். "அந்த யானைக்கு என்ன பரிசு?"

"கார்லயே உக்காந்திருக்கறதுதான் பரிசு. உன் கால் சைஸுக்கு இந்த மாவட்டம் பத்தாது."

நாசர் முக்பில் சிரித்தான். கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பது அவன் தொழில். எந்தப் பேச்சையும் பிரேக்கில் கால் வைத்தபடியே கேட்பான். "விடுங்க ட்ரெவர். இன்னைக்கு அவர் பின்னாடியே நிப்பாரு. என்ன கீத்?"

"பின்னாடியேதான்," என்றான் கீத். "தடம்னு ஒண்ணு விழுந்தா என்னைக் கேளுங்க." அதை அவன் நாசரிடம் சொன்னான், பார்த்தது லொரேனை. அவள் கோடு கிழிக்கத் தொடங்கியிருந்தாள்.

பிற்பகல் வெளிச்சம் ஏற்கெனவே சரியத் தொடங்கிவிட்டது. மாலையில் மேகம் தரைமட்டத்துக்கு இறங்கும் என்றும் அதற்கு முன் சிறிது நேரம் வானம் திறக்கும் என்றும் வானிலை அறிக்கை சொல்லியிருந்தது. அந்தச் சிறிது நேரத்துக்காகத்தான் நால்வரும் வந்திருந்தார்கள். பள்ளம் வாயகன்ற வெள்ளைக் கிண்ணம்போல் கிடந்தது. நடுவே பர்ச் மரம். எதிர்ச்சரிவின் அடியில், எப்போதோ செதுக்கி விற்காமல் போட்டுவிட்டுப் போன வட்டமான மாவரைக்கும் ஆலைக் கற்கள் பனித்தொப்பி அணிந்து சாய்ந்திருந்தன. ஒரு முயலின் தடம்கூட இல்லை.

லென்ஸின் முன் கரிய கண்ணாடியைப் பொருத்தினாள். கேமராவை நிமிடக்கணக்கில் திறந்துவைத்து, ஓடும் மேகங்களைப் பட்டுத்துணிபோல் இழுத்துக் காட்டும் படம் அது. திறந்தபின் ட்ரைபாடின் அருகே மூச்சுவிடவும் அவள் அஞ்சுவாள். அந்த நேரத்தில் பின்னாலிருந்து கீத் ஏதோ சொன்னான். அவள் திரும்பாமலே இடக்கையைத் தூக்கி, உள்ளங்கையைப் பின்புறமாக விரித்துக் காட்டினாள்; இப்போது பேசாதே என்று பொருள். அவன் மேலும் இரண்டு சொற்கள் சொன்னான். பிறகு அவனுடைய பூட்ஸ் பின்பக்கமாக நகரும் ஓசை கேட்டது.

வானம் திறந்தது. மரத்தின் கிளைகள் செம்பாக மாறின. பனியின் மேல் நீல நிழல்கள் நீண்டன. பாக்‌ஷாகூட ஒருமுறை, "அடேயப்பா," என்றார். அது முடிந்ததும் யாரோ கதவைச் சாத்தியதுபோல ஒளி போயிற்று. எதிர்ச்சரிவின் மேலிருந்து மேகம் வழிந்து இறங்கியது.

லொரேன் நிமிர்ந்தாள். முதுகு வலித்தது. "கெடச்சுது," என்றாள். ஒரு வாரத்துக்குப் பிறகு அவள் குரலில் சிரிப்பு இருந்தது. "கீத், கெடச்சுதுடா! வந்து பாரு."

அவள் திரும்பினாள். கோட்டுக்குப் பின்னால் நாசர் ட்ரைபாடை மடக்கிக்கொண்டிருந்தான்; பாக்‌ஷா மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தார். வேறு யாருமில்லை.

"கார்ல போய் உக்காந்திருப்பாரு," என்றான் நாசர்.

"சாவி அவன்கிட்டதான் இருக்கு," என்றார் பாக்‌ஷா. "ஹீட்டரைப் போட்டுக்கிட்டு என் பன்றிக்கறி பேஸ்ட்ரியைத் தின்னுக்கிட்டிருப்பான். புத்திசாலி."

அவர்கள் சாமான்களைச் சுமந்துகொண்டு பாதையில் திரும்பினார்கள். சாலையோரத்தில் கார் நின்றது. முன்கண்ணாடியின் மேல் மெல்லிய உறைபனி கலையாமல் படிந்திருந்தது. கதவுகளைத் திறந்த அடையாளம் இல்லை. லொரேன் கண்ணாடியைக் கையுறையால் துடைத்து உள்ளே பார்த்தாள். பின்னிருக்கையில் பாக்‌ஷாவின் பொட்டலம் பிரிக்கப்படாமல் இருந்தது. அவள் தொலைபேசியை எடுத்தாள்.

கீத்தின் தொலைபேசி அடிக்காமலே குரலஞ்சலுக்குப் போயிற்று. மறுமுறையும் அதே.

"குளிர்ல பேட்டரி செத்திருக்கும்," என்றான் நாசர். "போறதுக்கு முன்னாடி உங்ககிட்ட ஏதோ சொன்னாரே, லொரேன். என்ன சொன்னாரு?"

அவனுடைய குரல் நினைவிருந்தது, சொற்கள் இல்லை. தன் கை மேலே போனதும் உள்ளங்கை விரிந்ததும் துல்லியமாக நினைவிருந்தன.

"கேக்கலை," என்றாள்.

அவர்கள் ஓட்டமும் நடையுமாகக் கோட்டுக்குத் திரும்பினார்கள். மேகம் பள்ளத்தின் பாதியை விழுங்கியிருந்தது. மரம் ஒரு கறைபோல் தெரிந்தது. லொரேன் நெற்றிவிளக்கைக் கையில் பிடித்து, ஒளியைப் பனியின் மேல் மெதுவாக நகர்த்தினாள். கோட்டிலிருந்து மரம்வரை, மரத்திலிருந்து மேகத்தின் ஓரம்வரை, இடமும் வலமும். தாழ்வாக விழும் ஒளியில் சிறு பள்ளம்கூட நிழல் காட்டும். நிழலே இல்லை.

"முன்னாடி போகலை," என்றாள். "போயிருந்தா தடம் இருக்கும். அந்த பூட்ஸுக்குத் தடம் விழாம இருக்குமா?"

"அப்போ பின்னாடி," என்றான் நாசர். "பின்னாடி நாம மிதிச்ச மிதியில ஒண்ணும் தெரியலையே."

பின்னால் இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று சாலைக்கு, மற்றொன்று, வேலியைக் கடந்து, வடக்கே பாறை விளிம்புக்கு. அந்த விளிம்பில் நின்றால் பள்ளத்தாக்கு முழுவதும் தெரியும். மேகத்தில் நின்றால் தன் கால்கூடத் தெரியாது. அதற்கு அப்பால் செங்குத்தான சரிவு. சாலையில் இல்லையென்றால் அங்கேதான். லொரேன் தன் கணக்கில் ஓட்டையைத் தேடினாள். கிடைக்கவில்லை.

"மலை மீட்புக் குழுவைக் கூப்பிடு," என்றாள். "பாறை விளிம்புன்னு சொல்லு. வடக்குப் பக்கத்துச் சாலை வழியா வரச் சொல்லு, அதுதான் கிட்ட."

"நிச்சயமாவா?"

"நாசர், நான் கண்ணால பாத்தேன். முன்னாடி ஒரு தடமும் இல்லை."

நாசர் சிக்னல் கிடைக்கும் மேட்டை நோக்கி ஓடினான். பாக்‌ஷாவும் லொரேனும் விளிம்புப் பாதையில் ஏறினார்கள். பனி மீண்டும் பெய்யத் தொடங்கியது. காற்றில்லாமல், சோம்பலாக, நேராக விழுந்தது. அவள் விசிலை ஊதினாள், நின்றாள், காதைத் தீட்டினாள். தொலைவில் எங்கோ காட்டுக்கோழி ஒன்று, போ போ என்பதுபோல் கத்தியது. அதைத் தவிர ஒன்றுமில்லை. "கீத்!" என்று கூவினாள். மேகம் அந்தப் பெயரைத் தாண்ட விடவில்லை.

கடைசியாக அவனிடம் ஒழுங்காகச் சொன்ன வாக்கியம் எது என்று அவள் மனம் கேட்டது. அவளுக்கு விடை தெரியும். நீ வராமலே இருந்திருக்கலாம். எழுவாயும் பயனிலையும் குறையின்றி அமைந்த வாக்கியம். அதற்குப் பிறகு ஒரு வாரத்தில் அவ்வளவு முழுமையாக வேறெதுவும் சொல்லவில்லை.

வேலிப்படியில் ஏறி நின்று பின்னால் விளக்கடித்தாள். பாக்‌ஷா சற்றுத் தள்ளி வந்துகொண்டிருந்தார். அறுபத்தெட்டு வயதுக்காரர், களைத்துப்போயிருந்தார், ஆனாலும் வினோதமாக நடந்தார். ஒரு காலை வெகுதூரம் எட்டி வைத்தார். அடுத்ததைக் கிட்டத்தில் வைத்தார். ஒரு கணம் தள்ளாடி நிலைகொண்டார். என்ன செய்கிறார் என்று அவளுக்கு முதலில் விளங்கவில்லை. பிறகு விளங்கியது. அவளுடைய தடங்களுக்குள்ளேயே தன் கால்களை வைத்துக்கொண்டு வருகிறார். பனியில் ஒருவர் சென்ற தடத்தில்தான் அடுத்தவர் போவார். குழுவின் வழக்கம் அது. மங்கும் வெளிச்சத்தில், மேகத்துக்குள், ஒரு மனிதனைத் தேடிப் போகும்போதும் அவர் பனியைக் கெடுக்காமல் நடந்துகொண்டிருந்தார்.

"ட்ரெவர்," என்றாள், "நில்லுங்க."

"என்னாச்சு?"

"ஏன் என் தடத்துலயே நடக்கறீங்க?"

அவர் குனிந்து தன் கால்களைப் பார்த்தார். "பழக்கம்," என்றார். பிறகு எரிச்சலுடன், "இப்போ அதுவா முக்கியம்?"

அதுதான் முக்கியம். பனியில் தடமில்லை என்றால் யாரும் போகவில்லை என்று உலகத்தில் மற்றவர்கள் முடிவு செய்யலாம். இந்தக் கூட்டத்தில் செய்யக் கூடாது. இங்கே தடமில்லை என்பதற்கு, போனவன் கவனமாகப் போனான் என்றும் பொருள் உண்டு. ஒரு வாரமாக யானை என்று கேலி கேட்டவன். மனைவி வாயால் அந்த வாக்கியத்தைக் கேட்டவன். தடம் விழுந்தால் என்னைக் கேளுங்கள் என்று வந்திறங்கியதுமே எல்லார் முன்னாலும் சொன்னவன். அவன் முன்னால் போகாதவன் அல்லன். முன்னால் போய்விட்டு, போனது தெரியாமல் பார்த்துக்கொள்கிறவன்.

பனியின் மேல் தடம் விழாமல் எப்படிப் போவது? தண்ணீரில் போனால் விழாது.

அவள் வேலிப்படியிலிருந்து குதித்தாள். "ஓடை," என்றாள். "ஓடைக்குள்ள எறங்கிப் போயிருக்கான். தெனமும் தண்ணியில நடக்கறவன், ட்ரெவர், அவன்!"

ஆட்டுப்பட்டியின் இடிந்த சுவருக்குப் பின்னால் ஓடை பாதையை நெருங்கி வந்து, பள்ளத்தை இடப்பக்கமாகச் சுற்றி வளைத்துக்கொண்டு, எதிர்ச்சரிவின் அடியில் மாவாலைக் கற்களைத் தொட்டுச் செல்லும். அவள் சுவரைத் தாண்டி விளக்கடித்தாள். கரையோரத்துப் பனிக்கட்டி உடைந்திருந்தது. உடைந்த விளிம்பு புதியது. கண்ணாடிச் சில்லுபோல் மின்னியது. அதற்குக் கீழே கரிய தண்ணீர் ஓசையின்றி ஓடியது.

நாசர் மூச்சிரைக்க வந்து சேர்ந்தான். "கெளம்பிட்டாங்க. வடக்குப் பக்கம்தான் சொல்லியிருக்கேன்."

"தப்பு," என்றாள் லொரேன். அந்தச் சொல்லைத் தன்னைப் பற்றி அவள் அதிகம் பயன்படுத்தியதில்லை. "நான் தப்பா சொல்லிட்டேன். ட்ரெவர், நீங்க மேட்டுக்குப் போங்க. திரும்பக் கூப்பிட்டு இந்தப் பக்கம் வரச் சொல்லுங்க. லொரேன் தப்பா சொல்லிட்டான்னு சொல்லுங்க."

"யார் சொன்னாங்கறதை அவங்க கேக்கப் போறதில்லம்மா," என்றார் பாக்‌ஷா. இம்முறை அவர் குரலில் கேலி இல்லை. திரும்பி, கண்டபடி பனியை மிதித்துக்கொண்டு ஓடினார்.

ஓடையைத் தொடர்ந்து போவது நடவாத காரியமாக இருந்தது. கருஞ்சேற்றை ஆழமாக அறுத்துக்கொண்டு அது ஓடியது. இருபுறமும் பனி கூரைபோல் தொங்கியது. எங்கே கரை, எங்கே வெறும் பனி என்று தெரியவில்லை. வளைவைச் சுற்றிப் போய்ச் சேர்வதற்குள் வெளிச்சம் மிச்சமிருக்காது.

"அந்தக் கல்லுங்ககிட்டதான் போயிருப்பான்," என்றாள். "அங்கதான் ஓடை மறுபடி வெளிய வருது." சொல்லிக்கொண்டே நடந்தாள். நாசர் தொடர்ந்தான். கொஞ்ச தூரம் போனதும் அவன் அவள் தோளைப் பிடித்து நிறுத்தினான்.

"லொரேன், எங்க போறீங்க?"

"கல்லுங்ககிட்ட."

"கல்லு அதோ நேரா இருக்கு. நாம ஏன் சுத்திக்கிட்டிருக்கோம்?"

அவள் கீழே பார்த்தாள். பள்ளத்தின் மேல்விளிம்பில், தான் கிழித்த கோட்டுக்குப் பின்னால், அதை ஒட்டியே நடந்துகொண்டிருந்தாள். கணவன் தண்ணீரில் கிடக்கிறான் என்று அவளுடைய மூளைக்குத் தெரியும். கால்களுக்கு இன்னும் தெரியவில்லை.

அவள் கோட்டைத் தாண்டினாள். முதல் அடியில் முழங்கால்வரை புதைந்தது. இரண்டாவது அடியில் விழுந்தாள்; எழுந்தாள்; மரத்தின் பக்கமாக, பனியைக் கலப்பைபோல் கிழித்துக்கொண்டு ஓடினாள். சரிவில் பாதி தூரம் உட்கார்ந்தபடியே வழுக்கினாள். பின்னால் நாசரின் விளக்கு ஆடியது. மரத்தைக் கடந்தபோது அவளுடைய பை ஒரு கிளையில் மாட்டியது, இழுத்தாள், கிளை முறிந்தது. திரும்பிப் பார்க்கவில்லை.

கற்களின் அருகே நின்று விசில் ஊதினாள். தண்ணீரின் இரைச்சல்தான் கேட்டது. இங்கே ஓடை ஒரு சிறு பாறையிலிருந்து குதித்தது. அந்தச் சத்தத்தில் பத்தடிக்கு அப்பால் யார் கத்தினாலும் கேட்காது. நாசர் விளக்கைத் தாழ்த்திப் பிடித்தான். கரைமேல் ஒரு ஹெதர் புதரில் கேமரா தொங்கிக்கொண்டிருந்தது. அவளுடைய பழைய கேமரா. வார் இரண்டு சுற்றாகச் சுற்றப்பட்டிருந்தது. மேலே விழுந்த பனியைத் தவிர அதில் ஒரு துளி ஈரமில்லை.

அதற்குக் கீழே, பனிக்கூரை இடிந்த இடத்தில், கீத் இருந்தான்.

மார்பை ஒரு கல்லின் மேல் சாய்த்திருந்தான். இடுப்புக்குக் கீழே தண்ணீர். ஒரு பூட்ஸ் இரு பாறைகளுக்கு இடையே சிக்கியிருந்தது. மற்றதற்குள்ளும் தண்ணீர் நிரம்பியிருந்தது. கண்கள் திறந்திருந்தன. முகத்தில் விளக்கு பட்டபோதும் அவன் கண் கூசவில்லை.

"கீத்."

"வந்துட்டியா," என்றான். நாக்கு தடித்த குடிகாரனின் குரல். "படம் கெடச்சுதா?"

"பேசாத. நாசர், காலு சிக்கியிருக்கு."

நாசர் தண்ணீருக்குள் இறங்கினான். தொடைவரை நனைந்தபோது அவன் வாயிலிருந்து அரபிச் சொல் ஒன்று வெளியே வந்தது. அவன் தந்தை உருக்காலையில் பயன்படுத்திய சொல்லாக இருக்க வேண்டும். பூட்ஸை அசைக்க முடியவில்லை. "பூட்ஸ் இங்கயே கெடக்கட்டும். காலை உருவிடலாம். கீத், வலிக்கும். என்ன வேணும்னாலும் திட்டுங்க."

கீத் திட்டவில்லை. கணுக்கால் கோணலாக வெளியே வந்தபோதும் அவன் முனகவில்லை. அதுதான் லொரேனுக்கு அச்சமூட்டியது. இருவருமாக அவனைக் கரையில் ஏற்றி, ஈரத்தை உரித்தெறிந்து, தங்கள் உலர்ந்த உடைகளில் கிடைத்ததையெல்லாம் போர்த்தி, நாசர் எப்போதும் சுமக்கும் ஆரஞ்சு நிற உயிர்காப்புப் பைக்குள் நுழைத்தார்கள்.

நாசர் அவன் கழுத்தில் விரலை வைத்துப் பார்த்தான். பிறகு அவளைச் சற்று இழுத்து, தாழ்ந்த குரலில், "நடுங்கலை," என்றான்.

"அப்படின்னா?"

"இவ்வளவு குளிர்ல ஒடம்பு நடுங்கணும். நடுங்கலைன்னா, அது கைவிட்டுருச்சுன்னு அர்த்தம். நீங்களும் பைக்குள்ள போங்க. ஒட்டிப் படுங்க. தூங்க மட்டும் விடாதீங்க. நான் மேல போய் விளக்குக் காட்டறேன்."

அவள் மேலங்கியைத் திறந்து பைக்குள் புகுந்து அவனை மார்போடு அணைத்துக்கொண்டாள். சந்தையில் வாங்கிய மீனைக் கட்டிக்கொண்டதுபோல் இருந்தது. நாசரின் விளக்கு ஏறிப்போய் மேகத்துக்குள் மறைந்தது. பனி அவர்கள் மேல் விழுந்துகொண்டே இருந்தது.

"கீத், தூங்காத."

"ம்."

"எதுக்குடா தண்ணியில எறங்கின?"

"சொல்லிட்டுத்தான போனேன்," என்றான். "நீ கை காட்டின. சரின்னு நெனச்சேன்."

அவள் பையை அவன் கழுத்துவரை இழுத்து மூடினாள். "இங்க என்ன இருக்கு? எதை எடுக்க வந்த?"

"உங்களை. வரிசையா நின்னுக்கிட்டு... கொக்கு மாதிரி. அந்தப் பக்கத்துலேருந்து... உன்னை யாருமே எடுக்கறதில்லையே." கடைசிச் சொல் பாதியில் நின்றது. இமைகள் இறங்கின.

"கீத்! கண்ணைத் தொற. பூனைக்கு யார் சோறு வெச்சது? நீயா நானா?"

"நீ."

"நான் வெக்கலை. நீ வெச்சியா?"

"...வெச்சேனா?"

"மறந்துட்டியா? அது சோஃபாவைக் கிழிச்சு வெச்சிருக்கும். அந்த சோஃபாவுக்கு நீ என்ன பேச்சு பேசின, ஞாபகம் இருக்கா? உன் அக்கா முன்னாடி?"

அவள் அவன் கன்னத்தில் தட்டினாள். பிறகு அடித்தாள். "போன வாரம் நான் சொன்னேனே, வராமலே இருந்திருக்கலாம்னு. எல்லாரும் கேக்கற மாதிரி. அதுக்குப் பதில் சொல்லு. எவ்வளவு நாள் வாயை மூடிக்கிட்டு இருப்ப? திட்டு என்னை. கீத், திட்டுடா!"

அவன் தலை அவள் தோளில் கனத்தது. காதருகே அவன் மூச்சு மிகச் சிறிதாக, இடைவெளி விட்டு விட்டு வந்தது. ஒரு மூச்சு முடிந்து அடுத்தது வரும்வரை அவளும் மூச்சுவிடவில்லை. அவள் தன் முகத்தை அவன் கழுத்தில் புதைத்து, வாயால் வெதுவெதுப்பான காற்றை அங்கே ஊதினாள், மீண்டும் ஊதினாள். தலை சுற்றியது. அப்போதும் ஊதினாள். எவ்வளவு நேரம் என்று அவளுக்குத் தெரியாது.

அவளுடைய நெற்றிக்கு அடியில் ஏதோ துடித்தது.

தாடை. அவனுடைய தாடை ஒருமுறை இழுத்தது, நின்றது, இன்னொருமுறை இழுத்தது. பிறகு தோள்கள். பிறகு, பழைய கார் ஒன்று பல முறை முறுக்கியபின் எஞ்சின் பிடித்துக்கொள்வதுபோல, உடல் முழுவதும் உதறத் தொடங்கியது. பற்கள் அடித்துக்கொண்டன. முழங்கால் அவள் வயிற்றில் இடித்தது. அவள் இறுகப் பிடித்துக்கொண்டாள்; அவனோடு சேர்ந்து அவளும் குலுங்கினாள்.

மேலே விளக்குகள் தெரிந்தன. ஒன்று, பிறகு பல. அவள் கிழித்துப்போட்ட பனி வழியே சிவப்பு அங்கிகள் சறுக்கிக்கொண்டு இறங்கின. முதலில் வந்து சேர்ந்த பெண் முழந்தாளிட்டு, பைக்குள் கையைவிட்டு அவன் மார்பைத் தொட்டாள்.

"நடுங்கறாரா?"

"நடுங்கறான்," என்றாள் லொரேன். "இப்போதான்."

"நல்லது. நடுங்கட்டும், நிறுத்தாதீங்க. சார், உங்க பேரு என்ன?"

கீத் பற்களுக்கிடையே ஏதோ சொன்னான். பெண் குனிந்தாள். "என்ன சார்?"

"இவ மூக்கு," என்றான் கீத். "ஐஸ் மாதிரி இருக்கு. எடுக்கச் சொல்லுங்க."

லொரேன் எடுக்கவில்லை.